ஒரு கரக் டீ

சோஹார் துறைமுகத்துக் கிரேன் மேலிருந்து
விடியக்காலை ஐந்தரைக்கு இறங்கியவர்
ஹெல்மெட் வார் பதிந்த தாடையோடு
நேரே என் நாற்காலிக்கு வந்தார்.
பெயர் ராயப்பன். வயது நாற்பத்தாறு. மணப்பாட்டுக்காரர்.
ஆய்வில் அவர் பெயர் நானூற்றுப் பதினேழு.

"வெறும் வயிறுதானே அண்ணே?"
"பச்சைத் தண்ணி படலை."
வாயைத் திறந்ததும் ஏலக்காய் வாசனை.

அரைநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை,
நாளைக்கு வாங்க என்று சொல்ல மனசில்லை.
படிவத்தில் 'ஆம்' என்று டிக் அடித்தேன்.

போன மாதமே அவருக்குச் சொல்லிவிட்டார்கள்:
சர்க்கரை இல்லை, பார்டரில் இருக்கிறது.
அதில் அவருக்குச் சந்தோஷம்.
பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தைந்து,
அதுவும் பார்டர்தான், பாஸ்தானே என்றார்.
கத்மத் மலாஹா பார்டரில்
வண்டிக்குள்ளேயே ஆறு மணி நேரம் கிடந்திருக்கேன்,
யாரும் திருப்பி அனுப்பலையே என்றார்.
நான் சிரித்தபோது ஊசி உள்ளே போயிருந்தது.

ஊதா மூடிக் குழாயில் இருப்பது மூன்று மாதக் கணக்கு.
கேன்டீன் குபூஸ், வெள்ளிக்கிழமை பிரியாணி,
ராத்திரி டியூட்டியின் அத்தனை டீயும்
சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டிருக்கும்.
இன்று காலை ஒரு டம்ளர் ஒளித்து
அதை ஏமாற்ற முடியாது.
ஆறு புள்ளி ஒன்று.

மற்றக் குழாய்களில் சர்க்கரைப் பேச்சே கிடையாது.
நெஞ்சுத்தசை நோகும்போது கசிகிற புரதம் ஒன்று,
வலிக்கு முன்னால் வருவது.
இதயத்தின் அறை இழுபட்டு
'தாங்கலை' என்று அனுப்புகிற சீட்டு இன்னொன்று.
உப்பளத்தில் ஒரு சர்க்கரைப் பரலைத்
தேடுகிற வேலை அது.
நள்ளிரவில் இரண்டு எண்ணும் திரைக்கு வந்தன.
இரண்டும் ஏறியிருந்தன.

மாரடைப்பு இல்லை. வரும் என்றும் இல்லை.
இப்படி இரத்தம் உள்ள நூறு பேரைப்
பத்து வருடம் பார்த்துக்கொண்டிருந்தால்
மற்ற நூறைவிடக் கூடச் சிலர் விழுவார்கள்,
அவ்வளவுதான் சொல்லத் தெரியும்.
யார் அந்தச் சிலர் என்று கேட்டால்
இயந்திரம் அடுத்த குழாயை எடுத்துக்கொள்கிறது.

விதி எனக்குத் தெரியும்.
அதைத் தமிழில் எழுதியவனே நான்தான்:
'தனிநபருக்கு முடிவுகள் வழங்கப்பட மாட்டா.'
நன்றாக வந்திருக்கிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.
கையெழுத்துப் போட்டவர்களில்
ஒருவரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் சும்மா இருந்தேன்.
மூன்றாம் நாள் போன் எடுத்தேன்.
"அண்ணே, அன்றைக்கு டீ குடிச்சிருக்கீங்க."
அந்தப் பக்கம் கிரேன் மணி அடித்து ஓய்ந்தது.
"ஒண்ணே ஒண்ணு தம்பி. கரக். கண்ணு சொருகிச்சு."
"அதுல இரத்தம் கெட்டுப்போச்சு. வியாழக்கிழமை வாங்க.
டாக்டர் ஷஹீனாவும் இருப்பாங்க. கூடவே ஒரு ஈசிஜி, சும்மாத்தான்."
அவர் பொய் ஒரு டம்ளர் அளவு.
என்னுடையது கொஞ்சம் பெரியது.

வியாழன். லிஃப்ட் வேலை செய்யவில்லை.
இருபத்திரண்டு படி.
பதினாலாவதில் காலடிச் சத்தம் நின்றது.
பேனாவை மூடினேன், திறந்தேன்.
மறுபடி தொடங்கியது.

"மாதா மேல சத்தியம்,
நேத்து ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் தொடலை."
உண்மைதான். உதடு வெடித்திருந்தது.
பட்டையைக் கட்டினேன், தட்டினேன், மற்றக் கையையும் பார்த்தேன்.
காய்ந்த உடம்பில் நரம்பு எட்டிப்பார்க்க மாட்டேன் என்கிறது.

"தண்ணி குடிங்க அண்ணே."

"குடிச்சா கெட்டுப்போகாதா?"

"கெடாது" என்றேன்,
டம்ளரை நிரப்பிக்கொண்டே.
சந்தேகமாகப் பார்த்தார்.
குடித்தார்.
இன்னொன்று கேட்டார்.